திறந்திருந்த டிக்கி

"தூக்கிப் பாரு," என்று லித்தியம் பேட்டரியைச் சின்னவளின் கையில் வைத்தார் அத்தான். "இதே அளவுக்கு ஈய பேட்டரின்னா என் இடுப்பு இந்நேரம் ராஜினாமா பண்ணியிருக்கும்."

சின்னவள் தூக்கிப் பார்த்தாள்.

"ரெண்டு மாசக் குட்டி," என்றாள்.

"எது?"

"எடை. ஆட்டுக்குட்டி."

அத்தான் பேட்டரியை வாங்கிக்கொண்டு பட்டறையின் கூரையைப் பார்த்துச் சிரித்தார். ஊரில் இருக்கிற வண்டிகளின் வயரிங் எல்லாம் அவர் கையில் ஒருமுறையாவது பட்டிருக்கும். தெருவில் அவருக்குக் கரண்டு என்றே பெயர். அவர் மனைவியின் தங்கை ஆடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். வீட்டில் அக்காவைப் பெரியவள் என்றும் இவளைச் சின்னவள் என்றும் கூப்பிட்டுப் பழகியது, சின்னவள் படித்து முடித்து, வேலைக்குப் போய், சொந்தமாக ஒரு வண்டி வாங்கிய பிறகும் மாறவில்லை.

அந்த வண்டிதான் இப்போது பட்டறையில் நின்றது. பின் சீட்டுக்குப் பின்னால் தரை விரிப்பை உரித்து, தகரம் தெரிய வைத்திருந்தார் அத்தான். டிக்கியின் ஓரத்தில் சின்னவளின் குளிர்பெட்டி இருந்தது. தடுப்பூசி மருந்தை வைத்து மலைக்குக் கொண்டுபோகும் சின்ன ஃப்ரிட்ஜ். இவ்வளவு வேலையும் அந்தப் பெட்டிக்காகத்தான்.

போன தடுப்பூசிச் சுற்றில் மலையில் நடந்தது இது. கீழ் மந்தையில் ஊசி போட்டு முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. சின்னவள் வண்டியைப் பூட்டிவிட்டு அந்த மந்தைக்காரம்மாவின் குடிசையில் ஒதுங்கினாள். மழை விட்டதும் மேல் புல்வெளிக்கு ஓட்டிப்போய்ப் பெட்டியைத் திறந்தால், உள்ளே அறைக் காற்று மாதிரி இருந்தது. பூட்டிய வண்டியில் பின்பக்கச் சாக்கெட்டுக்குக் கரண்டு வரவில்லை, பெட்டி நின்றுபோயிருந்தது. சூடேறிய மருந்தைப் போடுவதும் தண்ணீரைப் போடுவதும் ஒன்று. அவள் அத்தனை குப்பிகளையும் தனியாக எடுத்துக் கட்டிவைத்தாள். மேல் மந்தைக்காரர், அதாவது மந்தைக்காரம்மாவின் தம்பி, வேலியில் சாய்ந்துகொண்டு அதைப் பார்த்தார்.

"ஆட்டையெல்லாம் பிடிச்சு அடைச்சு வச்சிருக்கேன்," என்றார். "அடுத்த தடவை சும்மா வர்றதா இருந்தா வராதீங்க."

சின்னவள் கட்டிவைத்த குப்பிகளை வண்டியில் ஏற்றினாள். ஆட்டிடம் நாள் முழுக்கப் பேசுவாள். மனிதர்களிடம் பேச வேண்டுமென்றால் தொண்டைக்கும் வாய்க்கும் நடுவே எங்கோ சொற்கள் வழி தவறிவிடும்.

"சரி, முழுசா சொல்லு," என்றார் அத்தான். "சாக்கெட்டு என்ன பண்ணுது?"

"வண்டியை அணைச்சுட்டா பின்னாடி சாக்கெட் செத்துடுது. பெட்டி நின்னுடுது."

"சாவி போட்டா?"

"வந்துடுது."

"போதும், புரிஞ்சுடுச்சு." அவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சாக்பீஸால் படம் போட்டார். முன்னால் வண்டியின் சொந்த பேட்டரி. பின்னால் லித்தியம். நடுவில் ஒரு டப்பா. "இது சார்ஜர். என்ஜின் ஓடும்போது முன்னாடி இருந்து வாங்கி லித்தியத்துக்கு ஊட்டும். என்ஜின் நின்னா வாயை மூடிக்கணும். இல்லேன்னா முன்னாடி பேட்டரியை உறிஞ்சிடும். உன் பெட்டி இனிமே லித்தியத்துல ஓடும். நீ வண்டியைப் பூட்டு, பூட்டிட்டுத் தூங்கு, கல்யாணத்துக்குக்கூடப் போயிட்டு வா. அது பாட்டுக்குக் குளிரும்."

"என்ஜின் நின்னுடுச்சுன்னு சார்ஜருக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் இந்தப் பொடி வயர்." ஆரஞ்சு நிறத்தில் ஒல்லியான வயரை எடுத்துக் காட்டினார். "இதுல கரண்டு வந்தா வண்டி ஓடுதுன்னு அர்த்தம். வரலேன்னா நின்னுடுச்சுன்னு அர்த்தம். முறைப்படி இதை முன்னாடி ஃபியூஸ் பெட்டியில இருந்து எடுக்கணும். அதுக்கு டேஷ்போர்டைக் கழட்டணும். கழட்டினா மாட்டும்போது ரெண்டு கிளிப்பு உடையும், அப்புறம் ஆயுசு முழுக்க கடகடன்னு ஆடும். நீயே வழி சொல்லிட்டே. உன் சாக்கெட் வண்டி ஓடினா உயிரோட இருக்கு, அணைச்சா சாகுது. எனக்கு வேண்டியதும் அதேதானே? இங்கேயே பக்கத்துல இருக்கு. அதுல இருந்து எடுத்துடறேன்."

அப்போது பெரியவள் டீயோடு வந்தாள். தரையில் இருந்த படத்தை மிதிக்காமல் சுற்றி வந்து, டம்ளரைக் கணவன் பக்கத்தில் வைத்தாள்.

"என்னங்க, இவகிட்ட எல்லாத்தையும் கேட்டுக்கிட்டீங்களா? இவ ரெண்டு வார்த்தை பேசினா மூணாவது வார்த்தைக்கு லீவு விட்டுடுவா."

"கேட்டுட்டேன். டாக்டரம்மா, வேற ஏதாச்சும் இருக்கா? அங்க போய் என்ன பண்ணுவே, எப்படிப் பண்ணுவே, ஏதாச்சும் விசேஷமா?"

சின்னவள் யோசித்தாள். வண்டியை நிறுத்துவாள், ஊசி போடுவாள், கிளம்புவாள். அதில் என்ன விசேஷம்?

"இல்ல அத்தான். அவ்வளவுதான்."

"பார்த்தீங்களா?" என்றாள் பெரியவள். "அந்த 'அவ்வளவுதான்'ல பாதி மகாபாரதம் இருக்கும்."

மத்தியானம் வரை வேலை நடந்தது. முன் பேட்டரியிலிருந்து கனமான சிவப்பு வயரைக் கதவோரப் பட்டிகளுக்கு அடியில் பின்னால் கொண்டுவந்தார் அத்தான். இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஃபியூஸ் வைத்தார். வயர் நுனியில் செம்பு வளையத்தைப் போட்டு நசுக்கி, அதன்மேல் கறுப்பு உறையை ஏற்றி, சூடு காட்டிச் சுருக்கினார். ஒவ்வொரு இணைப்பையும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார். "இப்போ என் கைக்கு வராதது மலையில குலுங்கினாலும் வராது." லித்தியத்தைப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டினார். சின்னவள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள், டார்ச் பிடித்தாள். ஓரிடத்தில், "அந்த வயர் தகரத்துல உரசுது," என்றாள். அவர் முனகிக்கொண்டே பிரித்து, ரப்பர் வளையம் போட்டு மறுபடி செருகினார்.

கடைசியில் டிக்கியை அடித்து மூடிவிட்டு, இருவரும் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். சார்ஜர் என்ன செய்கிறது என்று அவள் போனில் தெரியும். சாவியைத் திருப்பினாள். திரையில் பச்சை அம்பு ஓடியது, லித்தியத்துக்குச் சார்ஜ் ஏறியது. அணைத்து, இறங்கி, பூட்டினாள். சற்றுப் பொறுத்து அம்பு மறைந்தது.

"அடங்கிடுச்சு," என்றார் அத்தான். "பெட்டி?"

சின்னவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பெட்டியின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஓடுது."

"போ, போய்க் குத்து எல்லா ஆட்டையும்."

அந்த வாரத்திலேயே மலைக்குப் போகும் நாள் வந்தது. இந்த முறை தள்ளிப்போட வழியில்லை. மேல் புல்வெளியில் புல் தீர்ந்துவிட்டது. மந்தைக்காரம்மாவின் தம்பி அன்று சாயங்காலத்துக்குள் மந்தையை முகட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போகிறார். அங்கே வண்டிப் பாதை கிடையாது. அந்தப் பக்க மந்தைகளில் நோய் ஏற்கெனவே இறங்கிவிட்டது என்று சேதி வந்திருந்தது. ஊசி போடாத ஆடுகளை அங்கே ஓட்டுவது நெருப்புக்குள் பஞ்சை ஓட்டுவதுதான். ஓட்டாமல் இருந்தால் இங்கே பட்டினி. நடுவே இருப்பது சின்னவளின் குளிர்பெட்டி மட்டும்.

முந்தின நாளே பெட்டியை வண்டியில் ஓடவிட்டு, மருந்தை அடுக்கி வைத்திருந்தாள். காலையில் பார்த்தபோது பெட்டியில் நான்கு டிகிரி, லித்தியம் பாதி. வழியில் ஏறட்டும் என்று கிளம்பினாள்.

கீழ் மந்தையில் வண்டியை நிறுத்தி, எப்போதும் போல டிக்கியைத் திறந்தாள். டிக்கிதான் அவள் மேஜை. ஊசித் தட்டு, பஞ்சு, மருந்தைக் கரைக்கும் திரவம், போட்ட ஆட்டுக்கு அடையாளம் வைக்க நீலக் கட்டி, எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஒரு கை ஆட்டுக்கு, ஒரு கை மருந்துக்கு. ஆட்டைத் தொட்ட கையால் எதையும் தொடமாட்டாள். மருந்துக் கையால் வண்டிக் கதவையும் தொடமாட்டாள். அதனால் ஒருமுறை திறந்த டிக்கியைக் கடைசி ஆடு முடியும்வரை மூடுவதே இல்லை. கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை, அவளாகப் பிடித்துக்கொண்ட பழக்கம். சொல்லும்படியான ஒன்றாக அவளுக்கு அது தோன்றியதும் இல்லை.

மந்தைக்காரம்மா ஒவ்வொரு ஆட்டையும் திட்டிக்கொண்டே பிடித்துவந்தாள்.

"வாடி மகாராணி, உனக்குத் தனியா அழைப்பு அனுப்பணுமா? டாக்டரம்மா, இவ மாமியார் மாதிரி, முட்டுவா, பார்த்து."

"முட்டமாட்டா," என்று சின்னவள் ஆட்டின் காதில் சொன்னாள். "முட்டமாட்டே இல்ல? அவ்வளவுதான், முடிஞ்சுடுச்சு. போ."

"ஆட்டுகிட்ட மட்டும் என்னமா பேசறீங்க!"

வெயில் உச்சிக்கு வரும்போது கடைசி ஆட்டுக்கு நீலக் கோடு விழுந்தது. பெட்டியில் நான்கு டிகிரி. சின்னவள் கை கழுவி, டிக்கியை மூடி, வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

டக்.

மறுபடி திருப்பினாள். டேஷ்போர்டு விளக்குகள் மங்கின. டக். அவ்வளவுதான்.

மந்தைக்காரம்மா ஜன்னலருகே வந்து எட்டிப் பார்த்தாள். "உங்க வண்டியும் உங்களை மாதிரியேதான் போல. வாயே திறக்க மாட்டேங்குது."

சின்னவளின் காது சூடானது. முன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அது பழசில்லை, விளக்கு எதையும் எரியவிடவில்லை. போனை எடுத்துப் பார்த்தாள். காலையில் பாதியாக இருந்த லித்தியம் இப்போது முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருந்தது. இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டியதில் இவ்வளவு ஏறியிருக்க முடியாது. நின்ற இடத்தில் ஏறியிருக்கிறது. நின்ற இடத்தில் எங்கிருந்து வரும்? வர ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது.

இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தாள். பின்பக்கச் சாக்கெட்டின் ஓரத்தில், கரண்டு வருவதைக் காட்டும் நீலப் பொட்டு எரிந்தது. சாவி அவள் கையில்தான் இருந்தது. டிக்கியை மூடி, பூட்டி, சற்று நின்று, கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பொட்டு அணைந்தது. திறந்தாள், எரிந்தது. மூடினாள், சற்றில் அணைந்தது. இன்னும் ஒரு தடவை செய்தாள். மந்தைக்காரம்மா இடுப்பில் கைவைத்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியை அணைத்தால் சாக்கெட் செத்துவிடும் என்று அவள் சொன்னது உண்மைதான். எல்லாக் கதவும் மூடியிருந்தால். ஏதாவது ஒன்று திறந்திருந்தால் வண்டி விழித்துக்கொண்டே இருக்கும், சாக்கெட்டும் உயிரோடு இருக்கும். பொடி வயர் அதைப் பார்த்து என்ஜின் ஓடுகிறது என்று நம்பியிருக்கிறது. காலையிலிருந்து சார்ஜர் முன் பேட்டரியை உறிஞ்சி லித்தியத்துக்கு ஊட்டியிருக்கிறது. போன சுற்றுகளில் மூடாத டிக்கியில் பெட்டி ஓடியதும், மழைக்குப் பூட்டிய அன்று நின்றதும் இதனால்தான். கண்ணெதிரே இருந்திருக்கிறது.

தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால்தான் போனுக்குச் சிக்னல். ஏறினாள்.

"அத்தான், வண்டி ஸ்டார்ட் ஆகல."

"பெட்டி?"

"ஓடுது. நாலு டிகிரி."

"அப்போ முன் பேட்டரியா? அது நல்ல பேட்டரியாச்சே!"

"லித்தியம் அதைக் குடிச்சிடுச்சு."

"எப்படிக் குடிக்கும்? அணைச்சதும் அடங்குச்சே, நாம பார்த்தோமே!"

"டிக்கியை மூடிட்டுப் பார்த்தோம். திறந்திருந்தா சாக்கெட் சாகல."

"யாராவது டிக்கியைத் திறந்தே வச்சிருப்பாங்களா?"

"நான் வச்சிருப்பேன்."

"எவ்வளவு நேரம்?"

"வந்ததுல இருந்து போற வரைக்கும். எப்பவுமே."

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எப்பவுமேவா! இதை ஏம்மா அன்னைக்குச் சொல்லல? வேற ஏதாச்சும் இருக்கான்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க. எனக்கு அது ஒரு விஷயம்னு தோணல அத்தான்."

"தோணாதுதான்." அவர் குரல் இறங்கியது. "டேஷ்போர்டைக் கழட்டச் சோம்பல்பட்டவன் நான். உன்னைத் திட்டி என்ன? அங்க வேற வண்டி ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல. நீங்க வந்து சேர்றதுக்குள்ள மேல் மந்தை போயிடும். ஒண்ணு தோணுது, சொல்லட்டுமா?"

"சொல்லு, சொல்லு. லீவு விடாதே."

"உறிஞ்சினது எல்லாம் லித்தியத்துலதானே இருக்கு? சிவப்பு வயர் முன் பேட்டரியில இருந்து சார்ஜர் வரைக்கும் வருது. சார்ஜரைத் தாண்டி, லித்தியத்தோட ப்ளஸ்ஸுல இருந்து அந்தச் சிவப்பு வயர் முனைக்கு நேரா ஒரு ஜம்பர் வயர் போட்டா, திரும்பி முன்னாடி போகும் இல்ல?"

அத்தான் வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டார்.

"போகும். ஆனா முதல்ல அந்தப் பொடி வயரைப் பிடுங்கிடு. இல்லேன்னா சார்ஜர் பாட்டுக்கு மறுபடி இந்தப் பக்கம் இழுக்கும். அப்புறம் ஜம்பரைப் போடு. ப்ளஸ் மட்டும்தான். தகரத்துல படவே கூடாது. அப்புறம் சும்மா உட்காரு. ஜம்பர் மாட்டியிருக்கும்போது சாவியை மட்டும் திருப்பிடாதே, ஃபியூஸ் போயிடும். அது போனா நான் வந்தாத்தான் உண்டு. நல்லா ஏறினதும் ஜம்பரைக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணு."

"எவ்வளவு நேரம் உட்காரணும்?"

"எவ்வளவு நேரம் பொறுக்க முடியுமோ, அதுக்கு மேல கொஞ்சம்."

கீழே இறங்கினாள். மந்தைக்காரம்மாவிடம் இதை எப்படிக் கேட்பது என்று யோசிக்காமல் கேட்டாள்: "உங்க தம்பிக்கு ஒரு போன் போடுங்க. நான் வர்ற வரைக்கும் நிக்கச் சொல்லுங்க."

மந்தைக்காரம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தொட்டியின் மேல் ஏறினாள். அவளுக்குப் போன் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அந்தக் குரல் அப்படியே முகட்டைத் தாண்டிப் போயிருக்கும்.

"டேய், நில்லுடா! டாக்டரம்மா வர்றாங்க! என்னது? பெட்டியோடதான்! குளிராத்தான் இருக்கு! வண்டிதான் மக்கர் பண்ணுது! என்னடா இளிக்கிற? உன் ஆட்டுக்குத்தானே வர்றாங்க, உனக்குப் பொண்ணு பார்க்கவா வர்றாங்க?" போனைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "வெயில் வேலிக்கு இறங்குற வரைக்கும் நிப்பானாம்."

சின்னவள் பொடி வயரைப் பிடுங்கி, நுனியில் டேப் சுற்றினாள். சீட்டுக்கு அடியில் கிடந்த ஜம்பர் வயரில் சிவப்பை மட்டும் எடுத்து, ஒரு முனையை லித்தியத்திலும் மறுமுனையைச் சிவப்பு வயரின் முனையிலும் கவ்வவிட்டாள். சின்னப் பொறி ஒன்று பறந்தது. மந்தைக்காரம்மா ரெண்டடி பின்னால் போனாள்.

பிறகு செய்ய ஒன்றும் இல்லை. சாவி கையிலேயே இருந்தது, அதனால் அது உறுத்தியது. சின்னவள் அதை மந்தைக்காரம்மாவிடம் நீட்டினாள்.

"இதை நான் கேட்டாலும் தராதீங்க."

"எப்போ தர்றது?"

"நான் ரெண்டாவது தடவை கேட்கும்போது."

மந்தைக்காரம்மா அதை வாங்கி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். வெயில் மெல்ல மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. சின்னவள் ஜம்பர் வயரைத் தொட்டுப் பார்த்தாள், இளஞ்சூடாக இருந்தது. போகிறது என்று அர்த்தம். பெட்டியைப் பார்த்தாள். நான்கு. முகட்டைப் பார்த்தாள். மறுபடி பெட்டியைப் பார்த்தாள்.

"சாவி," என்றாள்.

"தரமாட்டேன்."

சின்னவள் தலையாட்டிவிட்டுப் போய்ப் பாறையில் உட்கார்ந்தாள். ஊசி போட்ட ஆடுகள் நீலக் கோட்டோடு வந்து அவள் பையை மோந்து பார்த்தன. அவற்றிடம் பேசக்கூட அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது முறை அவள் கேட்டபோது, நிழல் ஆட்டுக் கொட்டகையின் கதவைத் தொட்டிருந்தது. ஜம்பரைக் கழற்றிச் சுற்றி வைத்தாள். ஏறி உட்கார்ந்தாள். திருப்பினாள். என்ஜின் முதலில் ஒரு முக்கல், அடுத்து ஒரு முனகல், பிறகு பிடித்துக்கொண்டது.

"வாய் திறந்துடுச்சு!" என்று கத்தினாள் மந்தைக்காரம்மா.

மேல் புல்வெளியில் மந்தையின் முதல் வரிசை ஏற்கெனவே வேலியைத் தாண்டியிருந்தது. தம்பி அவற்றுக்கு முன்னால் தடியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் வேலியின் அடிக்கட்டையில் இருந்தது. சின்னவள் டிக்கியைத் திறந்து, பெட்டியைத் திறந்தாள். அவர் வந்து, ஒரு குப்பியை எடுத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்திருக்க வேண்டும். தோளைக் குலுக்கிக்கொண்டார்.

"உள்ள போங்கடி எல்லாரும்," என்று ஆடுகளை வேலிக்குள் திருப்பினார். முதல் ஆட்டை அவரே பிடித்து, முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, "ம்," என்றார்.

டிக்கி கடைசி ஆடு வரை திறந்தே இருந்தது. பொடி வயர் டேப் சுற்றிய நுனியோடு ஓரத்தில் சும்மா தொங்கியது.

அடுத்த விடுமுறை நாளில் வண்டி மறுபடி பட்டறைக்கு வந்தது. டேஷ்போர்டு துண்டு துண்டாகப் பெஞ்சின் மேல் கிடந்தது. ஒரு கிளிப்பு ஏற்கெனவே உடைந்திருந்தது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பொடி வயரை முன்னால் ஃபியூஸ் பெட்டிக்குக் கொண்டுபோய் முடித்துவிட்டு, அத்தான் கையைத் துடைத்தார்.

"வேற ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டவர், சட்டென்று கையை உயர்த்தினார். "வேண்டாம், சொல்லாதே. செஞ்சு காட்டு. காலையில வண்டியை நிறுத்துறதுல இருந்து ஆரம்பி."

சின்னவள் டிக்கியைத் திறந்தாள். தட்டை எடுத்து வைத்தாள், பஞ்சை எடுத்து வைத்தாள். எந்தக் கை எதற்கு என்று சொன்னாள். மழை வந்தால் என்ன செய்வாள், சரிவில் நிறுத்தினால் எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துவாள், பெட்டியை ஏன் இடது ஓரத்தில் வைக்கிறாள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அத்தான் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவள் டீயோடு வந்து, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்புறம் ஆட்டை இப்படிப் பிடிப்பேன்," என்று சின்னவள் அத்தானின் பிடரியைப் பிடித்தாள்.

"நான் என்ன ஆடா?"

"அசையாதீங்க. முட்டமாட்டீங்க இல்ல?"

"முட்டமாட்டார்," என்றாள் பெரியவள். "டீயைக் காட்டினா போதும், பின்னாடியே வருவார்."